மதியழகன் சோற்றுக்குப் பயந்த இரண்டு வருஷம்

காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் ஒரு நாளைக்கு எட்டு நடை பஸ் ஓட்டுகிறவன் மதியழகன். தனக்குள் பயம் புகுந்தது எப்போது என்று கேட்டால் மாதம், கிழமை, மணி எல்லாம் சொல்வான். ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். நாகப்பட்டினம் பஸ் நிலையத்தில் அவன் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்ற வண்டியின் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தால், அந்த வண்டியின் டிரைவர் செந்தில்குமார் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து கிடந்தார்.

மதியழகன்தான் ஏறி அவரை நிமிர்த்தினான். கண்கள் திறந்திருந்தன. சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் தலை இவன் மடியில் கிடந்தது. அந்தக் கனம் தொடையில் பல நாள் அப்படியே இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "வரும்போதே இல்லையேப்பா" என்றார். செந்தில்குமாருக்கு நாற்பத்தாறு வயது. இவனைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்.

முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேரும் நாகூரில் ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டிருந்தார்கள். ஆளுக்கு நாலு. செந்தில்குமார் மட்டும் இன்னொன்று வாங்கி, சால்னாவை மேலே ஊற்றி, "போதும்னு சொல்லவே மனசு வரல்லப்பா" என்று சிரித்தார். இழவு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது மதியழகனுக்கு அந்த ஐந்தாவது பரோட்டாதான் கண்ணில் நின்றது. தன் வயிற்றிலும் நாலு இருக்கிறது என்று நினைத்ததும் எழுந்து வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

மறுவாரம் ரத்தம் கொடுத்துப் பார்த்தான். சர்க்கரை வரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. கொழுப்பும் கொஞ்சம் கூடுதல். "சோத்தக் கொஞ்சம் குறைங்க, தினம் நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார் டாக்டர். அந்தக் 'கொஞ்சம்' மதியழகனுக்கு எட்டவில்லை. செத்தவரின் தலையை மடியில் வைத்திருந்தவனிடம் கொஞ்சம் என்றால் அவன் எதைப் பிடித்துக்கொள்வான்?

தினமும் அவன் வண்டியில் வருகிற ஒருவர் செல்போனில் உணவு முறை சொல்லும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவனைச் சேர்த்துவிட்டார். அங்கே கொஞ்சம் என்ற பேச்சே கிடையாது. அரிசி விஷம். கோதுமை விஷம். வாழைப்பழம் விஷம். முட்டை, கறி, நெய், தேங்காய் மட்டும். நெடுங்காட்டுப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவன் அவன். அண்ணன் செல்லையன் வருஷா வருஷம் சொந்த வயல் அரிசியை மூட்டை கட்டி காரைக்கால் தருமபுரத்தில் இருக்கும் இவன் வீட்டுக்கு அனுப்புவார். அந்த மூட்டை இருந்த அறைக்குள் போவதையே மதியழகன் நிறுத்தினான்.

மூன்று மாதத்தில் பதினான்கு கிலோ இறங்கியது. சர்க்கரையும் இறங்கியது. டாக்டரே பாராட்டினார். அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் எடை குறையக் குறைய பயம் ஏறியது. இத்தனை பாடுபட்டுத் தள்ளி வைத்த சாவு ஒரு பிடி சோற்றில் திரும்பி வந்துவிடுமே என்று நினைத்தான். இன்னொரு குழுவில் கறியும் முட்டையும்தான் ரத்தக்குழாயை அடைக்கும் என்று படம் போட்டிருந்தார்கள். அதையும் நம்பினான். கறி போயிற்று, முட்டை போயிற்று, பால் போயிற்று. அடுப்பில் வைத்ததே ஆகாது என்று மூன்றாவது குழு சொன்னது. ஒரு குழு விலக்கியதை இன்னொரு குழு அனுமதித்தாலும், இவன் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மிஞ்சியது வெள்ளரிக்காய், ஊறவைத்த நிலக்கடலை, கொஞ்சம் பச்சைக் கீரை, அரைக் கொய்யா.

அவன் மனைவி வினோதினி அங்கன்வாடியில் உதவியாளர். இருபத்தைந்து பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவள். வீட்டில் புருஷன் வெள்ளரிக்காயை விரல் கனத்துக்கு நறுக்கி, எண்ணி, தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். "உனக்கு நான் சாவணுமா?" என்று அவன் கத்தியதும் வாயை மூடிக்கொண்டாள். பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் கவியா அப்பாவின் எதிரில் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். அவள் தட்டில் இருக்கும் அப்பளத்தை அவன் பார்க்கிற பார்வையில் அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஆனி மாதம் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவில், சாமி வரும்போது வழக்கப்படி மாடியிலிருந்து எறிந்த மாம்பழம் ஒன்று நேரே மதியழகனின் கையிலேயே வந்து விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் கொடுத்துவைத்தவன் என்றார்கள். அவனுக்கோ உள்ளங்கை வியர்த்துவிட்டது. பழத்தில் எவ்வளவு சர்க்கரை என்று தெரியும். பிரசாதத்தை மறுத்தால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியாது. இரண்டு பக்கமும் பயம். முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் பையில் அதைப் போட்டுவிட்டுக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். வினோதினி அன்றைக்கு முழுவதும் அவனோடு பேசவில்லை.

உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. குளிக்கும்போது முடி கொத்தாக வந்தது. கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. கார்த்திகை மழையில் ஸ்வெட்டர் போட்டும் பல் கிட்டியது. ஒவ்வொன்றையும் அவன் இதயத்தின் கணக்கில்தான் சேர்த்தான். வருகிறது, வருகிறது, இன்னும் எதையோ தப்பாகத் தின்கிறேன் என்று தேடினான். நிலக்கடலையைக் குறைத்தான்.

இரண்டாவது வருஷம் பங்குனியில், அவன் வண்டிக் கண்டக்டர் காத்தமுத்துவின் மகளுக்குக் காதுகுத்து. காத்தமுத்து கோட்டுச்சேரிமேட்டுக் கடலோரத்துப் பையன், இவனைவிடப் பத்து வயது இளையவன். ஆறு வருஷமாக ஒரே வண்டி. போகாமல் இருக்க முடியவில்லை. பந்தியில் காத்தமுத்துவின் அம்மா செல்லம் நேரே வந்து எதிரில் நின்றுகொண்டார்.

"என்னா தம்பி, காஞ்ச கருவாடாட்டம் ஆயிட்டே? தின்னு முடிக்காம எலய மடிச்சியோ, நான் இந்த எடத்த வுட்டு நவுர மாட்டேன்."

சோறும் வஞ்சிரக் குழம்பும் வைத்தார். மதியழகன் ஒரு வாய் எடுத்தான். அதற்குப் பிறகு கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. இலையை வழித்துத் துடைத்த பிறகுதான் நிமிர்ந்தான். அவ்வளவு ருசியாக இருந்தது. அந்த ருசிதான் அவனை நடுங்க வைத்தது. பைக்கில் திரும்பும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் குழுவில் யாரோ சொல்லி வாங்கி வைத்திருந்த குடல் சுத்தப் பொடியைக் கரைத்துக் குடித்தான். மறுநாளும் குடித்தான். இரண்டு நாள் அந்தப் பொடியும் தண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லை. தின்ற சோறு முழுவதும் வெளியே போகும்வரை அவனுக்கு உயிர் தங்காது.

மூன்றாம் நாள் காலை, நாகப்பட்டினத்திலிருந்து திரும்புகிற முதல் நடை. வண்டியில் நாற்பது பேருக்கு மேல். நாகூர் தாண்டி வாஞ்சூர் வந்தது. கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து தார்ப்பாய் போட்ட நிலக்கரி லாரி ஒன்று சாலைக்குள் திரும்பி ஏறியது. தினமும் பார்க்கிற காட்சிதான். மதியழகன் காலை எடுத்து பிரேக்கில் வைக்கப் போனான்.

கால் வரவில்லை.

மனசில் சொன்னான், எடு என்று. தொடைக்குக் கீழே யாரோ மணல் மூட்டையைக் கட்டிவிட்டதுபோல் கால் ஆக்ஸிலேட்டரின் மேலேயே கிடந்தது. லாரியின் பின்கதவு பெரிதாகிக்கொண்டே வந்தது. அதில் படிந்த கரித்தூசியில் யாரோ விரலால் எழுதியிருந்த பெயரைக்கூட அவனால் படிக்க முடிந்தது. கையும் கனத்தது. உடம்பு முழுவதையும் இடப்பக்கம் சாய்த்து ஸ்டியரிங்கை இழுத்தான். வண்டி சாலையை விட்டு மணலில் இறங்கியது. அவன் சாய்ந்த வேகத்தில் கால் பெடலிலிருந்து நழுவி விழுந்தது. கையை ஊன்றித் தடவி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கருவைப் புதருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு வண்டி நின்றது.

முதலில் ஒரு குழந்தை அழுதது. அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாருக்கும் அடி இல்லை. யாருடைய சாப்பாட்டு டப்பாவோ கவிழ்ந்து தயிர்சாதம் கியர் ராடுக்குப் பக்கத்தில் சிதறிக் கிடந்தது.

காத்தமுத்து ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தான். "அண்ணே, என்னாச்சுண்ணே? இஞ்ச பாருங்க."

"கால் வரல்லடா."

"நெஞ்சு வலிக்குதா?"

மதியழகனால் ஸ்டியரிங்கை விட முடியவில்லை. விரல்கள் மடங்கியபடியே இறுகியிருந்தன. "செந்திலண்ணனுக்கு வந்ததுதான்டா இது. அன்னைக்கு உங்க வீட்ல தின்னேன்ல... வினோதினிக்குப் போன் போடு."

காத்தமுத்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டான். பின்னால் வந்த கார் ஒன்றில் அவனை ஏற்றிக் காரைக்காலுக்குக் கொண்டு போனார்கள். வழியெல்லாம் மதியழகன் காரின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கவியா படிப்பு இன்னும் முடியவில்லை என்பது ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது.

அவசரப் பிரிவில் இருந்தவர் டாக்டர் சுஹைனா. வயது முப்பதுகூட இருக்காது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வாந்தி, பேதி ஏதும் இருந்துச்சா?"

"இல்லீங்க மேடம்."

"வேற மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?"

"இல்லீங்க."

"சாப்பாடெல்லாம் எப்படி?"

"நார்மலாத்தாங்க."

வினோதினி அங்கன்வாடியிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். புடவைத் தலைப்பில் பருப்புக் கறை. கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவள் சொன்னாள்:

"பொய் சொல்றாரு மேடம். ரெண்டு வருஷமா இவருக்கு நான் சோறு போட்டதில்ல. ரெண்டு நாளா தண்ணியும் ஒரு பொடியும்தான். பேதியாப் போறதுக்குன்னே குடிக்கிறாரு. கேட்டா கத்துவாரு. நானும் பயந்துட்டு கம்முனு இருந்துட்டேன். இன்னைக்கு அந்த வண்டில நாப்பது பேரு இருந்திருக்காங்க."

மதியழகன் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "உங்க இதயத்துல அடைப்பு இருக்கிற மாதிரி தெரியல. ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு இருக்கு. அது உங்களுக்கு ரொம்ப இறங்கிட்டு. அதான் கால் வேலை செய்யல. இன்னும் இறங்கியிருந்தா இதயமே தாளம் தப்பியிருக்கும். நல்ல இதயமா இருந்தாலும் நின்னு போகும்."

அதைக் கேட்டபோது மதியழகனுக்கு வந்த பயம் வேறு மாதிரி இருந்தது. இரண்டு வருஷமாக வாசலில் நின்று காவல் காத்திருந்தான், திருடனைக் கொல்லைப்புறமாக அவனே உள்ளே விட்டிருக்கிறான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

சொட்டு சொட்டாக மருந்து இறங்கியது. மறுநாள் காலையில் கால் விரல்கள் அசைந்தன. அன்றைக்குத்தான் டாக்டர் கஞ்சி கொடுக்கச் சொன்னார். பட்டினி கிடந்த உடம்பு, ஒரேயடியாக வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக என்றார். வினோதினி குழைந்த அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டு எடுத்து வந்தாள்.

கிண்ணத்தைப் பார்த்ததும் அவன் முதுகு கட்டில் தலைமாட்டில் போய் ஒட்டிக்கொண்டது. வெள்ளையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது கஞ்சி. செந்தில்குமாரின் திறந்த கண்கள் தெரிந்தன. "முடியல வினோ," என்றான். "வாய்கிட்ட வந்தா செத்துடுவேன்னு தோணுது. பைத்தியக்காரத்தனம்னு தெரியுது. ஆனாலும் தோணுது."

இரண்டு வருஷத்தில் தனக்குப் பயமாக இருக்கிறது என்று அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் சொன்னதெல்லாம் விஷம், கொழுப்பு, ஒழுக்கம் என்கிற வார்த்தைகள்தான். வினோதினி கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"செத்த நேரம் ஆறட்டும். நானும் இதுலேருந்தே குடிக்கிறேன். ஒரு வாய் நான், ஒரு வாய் நீங்க."

அவள் குடித்தாள். அவன் குடித்தான். மூன்று கரண்டி போனதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நாடி ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் கழித்தும் ஓடியது. அவள் அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் சுஹைனா எழுதிக் கொடுத்தது அரைப் பக்கம்கூட இல்லை. மூன்று வேளை சாப்பிட வேண்டும். சோறு அளவாக, கூடவே காய், பருப்பு, மீன். சர்க்கரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. இதே ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் ஒருவரை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். மதியழகன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு வருஷமாக யார் கேட்டாலும் சொல்ல அவனிடம் ஒரு பெயர் இருந்தது. நான் இந்த உணவு முறைக்காரன், நான் அந்த உணவு முறைக்காரன் என்று.

"அப்ப நான் இப்ப என்னா டயட்டுங்க மேடம்?"

"அதுக்கு ஒரு பேரும் இல்லீங்க. வீட்டுச் சாப்பாடு சாப்பிடுறீங்க. அவ்வளவுதான்."

பெயர் இல்லாமல் வீட்டுக்குப் போவது அவனுக்கு அம்மணமாகப் போவது போலிருந்தது. போனதும் தனக்கு நடந்ததை மூன்று குழுவிலும் எழுதினான், மற்றவர்களாவது ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று. அரைகுறையாகச் செய்தால் இப்படித்தான் என்று ஒருவர் பதில் போட்டார். காதுகுத்தில் தின்ற சோறுதான் காரணம் என்றார் இன்னொருவர். ஒரு குழுவில் அவனை நீக்கியே விட்டார்கள். மற்ற இரண்டிலிருந்தும் அவனே வெளியேறினான். அன்றைக்குப் பூராவும் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை பார்த்த போன் இப்போது ஒன்றும் சொல்லாமல் கிடந்தது. தப்பாகத் தின்றால் இனி யாரைக் கேட்பது?

ஆறு வாரம் வண்டி தரவில்லை. மருத்துவச் சான்று வாங்கி வரும்வரை ஷெட்டில் உட்கார்ந்து வண்டிகள் வந்துபோகிற நேரம் குறிக்கிற வேலை. மனநல டாக்டரைப் பார்க்கப் போவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முதலில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போனான். அவர் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று பேசவே இல்லை. செந்தில்குமாரைப் பற்றிக் கேட்டார். இழவுக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனீர்களா என்று கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வினோதினியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனான். செந்தில்குமாரின் மனைவி ஷர்மிளா இரண்டு வருஷம் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாளாம். காப்பி கொண்டு வந்து வைத்தாள். மதியழகன் டம்ளரைத் தொடாமல், தான் பயந்தது, பட்டினி கிடந்தது, வண்டி மணலில் இறங்கியது எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, "அன்னைக்கு அந்தப் பரோட்டாவ நான் தடுத்திருக்கணும்மா," என்றான்.

ஷர்மிளாவுக்கு அது புரியவே இல்லை.

"பரோட்டாவா? அவருக்கு நாலு நாளா நெஞ்சு வலிண்ணே. இடது கை வலிக்குதுன்னு தைலம் தேய்ச்சு விட்டேன். ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு அழுதேன். போனா வண்டியக் குடுக்க மாட்டாங்க, ஒக்கார வச்சிருவாங்கன்னு பயந்துட்டாரு. யார்ட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நானும் சொல்லல. அது என்னைத் தின்னுட்டு இருக்கு. நீங்க பரோட்டாங்கிறீங்க."

மதியழகன் டம்ளரை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தான். நாலு நாள். அந்த நாலு நாளும் பக்கத்துப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு பேசியிருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்திருக்கிறான். அவர் சிரித்துக்கொண்டே பயத்தை மறைத்திருக்கிறார், இவன் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்தான். வினோதினி எழுந்து போய் ஷர்மிளாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நீ சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார் என்று என்னவோ சொன்னாள். யாருக்கும் அது ஆறுதலாக இல்லை. ஆனால் மூன்று பேரும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

சான்று கிடைத்து அவன் வண்டியில் ஏறி இப்போது ஒரு வருஷம் ஆகிறது. முதல் வாரம் துறைமுகத் திருப்பம் வரும்போதெல்லாம், கால் வருகிறதா என்று அரை கிலோமீட்டருக்கு முன்பே பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். காத்தமுத்து அதைக் கவனித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தான். ஆறு கிலோ கூடியிருக்கிறது. சர்க்கரை மறுபடியும் வரம்புக்குப் பக்கத்தில் வந்து, காலையில் ஒரு மாத்திரை போடுகிறான். முதல் மாத்திரையை விழுங்கிய அன்று தோற்றுவிட்டதாக நினைத்து அழுதான். சாயங்காலம் நடந்துவிட்டு வந்து இரண்டு இட்லி சாப்பிட்டான்.

பயம் போய்விட்டது என்று அவன் சொல்வதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது, கை கழுவும்போது, நெஞ்சு குதிக்கும். முன்பு அப்போதெல்லாம் எதைத் தின்றோம் என்று தேடுவான். இப்போது ஈரக்கையோடு வந்து வினோதினியிடம், "பயம் வந்துட்டு" என்கிறான். அவள் டிவியின் சத்தத்தைக் குறைக்கிறாள். இரண்டு பேரும் உட்கார்ந்து கவியாவை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, செல்லையன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று எதையாவது பேசுகிறார்கள். சில நாள் அது சீக்கிரம் அடங்கிவிடுகிறது. சில நாள் தூங்கும்வரை கூடவே இருக்கிறது. எப்படியானாலும் மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து, பழைய சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வண்டி எடுக்கப் போகிறான்.